கற்பூரம் அணைத்து வாங்கிய ஓட்டு

2016 மே மாதம். சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு ராத்திரி இருந்தது. நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில், வெட்டாற்றுக் கரையோரம் இருக்கிறது எங்கள் ஊர். மறுநாள் தேர்தல் வேலைக்குப் போகவேண்டும் என்பதால் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போயிருந்தேன். நான் பள்ளிக்கூட வாத்தியார். பல தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராக உட்கார்ந்து, விரலில் மை வைத்து, இயந்திரத்துக்கு அரக்கு முத்திரை போட்டவன்.

பத்து மணிக்கு மேல் இரண்டு வண்டியில் நாலு பேர் வந்தார்கள். இரண்டு பேர் வெளியூர். ஒருத்தர் குடியானத்தெரு. இன்னொருத்தர் எங்க தெருப் பையன், வீடு காட்ட வந்தவன். குடியானத்தெருக்காரர் வயசில் என் அம்மாவுக்குப் பேரன் மாதிரி. மற்ற நாளில் அம்மாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அன்றைக்கு 'பெரியம்மா' என்றார். தட்டில் வெற்றிலை, அதன்மேல் கற்பூரம், பக்கத்தில் உறை. கற்பூரத்தைக் கொளுத்தி, "அணைச்சு சத்தியம் பண்ணிட்டு வாங்கிக்கங்க பெரியம்மா" என்றார். அம்மா ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் உள்ளங்கையால் நெருப்பை அணைத்தாள். உறையை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். "சாரும் இங்கதான் இருக்கீங்களா" என்று கேட்டு, சிரித்துவிட்டுப் போனார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தேர்தல் ஆணையத்தின் ஊழியனாகப் போய் உட்காரப் போகிறவன் நான். என் வீட்டு வாசலிலேயே சட்டம் குற்றம் என்று சொல்கிற காரியம் நடக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையில் யாரை என்ன சொன்னாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

உறையில் ஐநூறு ரூபாய். குடியானத்தெருவில் ஓட்டுக்கு ஆயிரம் என்று பிறகு தெரிந்தது. எங்க ஓட்டு பாதி விலை. எண்ணும்போது ஒரு ஓட்டுக்கு ஒரு மதிப்பு. வாங்கும்போது அங்கேயும் இரட்டைக் குவளைதான்.

அவர்கள் போனபிறகு அம்மா கேட்டாள்: "ஏந்தம்பி, சத்தியம் பண்ணிட்டேன். மாத்திப் போட்டா பாவமா?"

அம்மா கலியாணமாகி வந்த நாள் முதல் கதிர் அருவாளுக்குத்தான் போட்டு வந்தவள். இவர்கள் வேறு கட்சி. நான் பதினைந்து வருஷமாகக் கூட்டங்களில் கேட்டதையே சொன்னேன். "அது நம்ம காசும்மா. நம்மகிட்ட அடிச்ச காசு. வாங்கிக்கிட்டு ஒன் இஷ்டத்துக்குப் போடு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "காசு நம்ம காசாவே இருக்கட்டும். வாய் யாரு வாய்?"

இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. தேர்தல், கட்சி, சனநாயகம் என்று எவ்வளவோ படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன். கீழத்தெருவில் ஒரு கிழவி கேட்ட அறக்கேள்விக்குப் பதில் இல்லை. அதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன். வாசிக்கிற நீங்களும் சேர்ந்து யோசிக்கவேண்டும்.

கொடுத்த சொல்லைக் காப்பாற்றவேண்டும் என்ற எண்ணம் எங்கள் தெருவுக்கு எங்கிருந்து வந்தது? தஞ்சாவூர்ச் சீமையில் பண்ணையாள் என்றால் என்ன என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். கலியாணத்துக்கு, சாவுக்கு வாங்கின நெல்லும் காசும் மிராசுதார் கணக்கில் ஏறும். அப்பன் செத்தால் மகன் தலைக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாதவன் அந்தக் கணக்கைப் பார்க்க முடியாது. காரியக்காரர் வாசிப்பதுதான் கணக்கு. மீறினால் சாணிப்பால், சவுக்கடி. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். யார் உப்பை யார் தின்றது? நட்டவள் நாம், அறுத்தவன் நாம், அடித்துத் தூற்றிக் கலம் கலமாகப் பத்தாயத்துக்குச் சுமந்தவன் நாம். களத்தில் கூலியாகக் கருக்காய் கலந்த நெல்லை வாங்கிக்கொண்டு நன்றிக்கடன் பட்டவர்களும் நாமே. அந்த விசுவாசத்தைத்தான் நேர்மை என்று நம் தலையில் கட்டினார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அதனால்தான் 'மாத்திப் போடு' என்று அவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்தது.

ஆனால் அம்மா சொன்னது அது இல்லை. அவள் அவர்களிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் வாயைப் பற்றிப் பேசினாள். நிலம் இல்லை, எழுத்து இல்லை. பத்துப் பேர் நடுவில் 'அவ சொன்னா சொன்னதுதான்' என்ற ஒரு பேர் மட்டும் அவளுக்கு இருந்தது. நடவுக்கு ஆள் கட்டுவது, சீட்டுக் காசு பிடிப்பது, சம்பந்தம் பேசுவது எல்லாம் அந்தப் பேரை நம்பித்தான். நான் என்ன செய்தேன்? 'அவன் அயோக்கியன், அதனால் நீ பொய் சொன்னாலும் பரவாயில்லை' என்று சொன்னேன். மாதச் சம்பளம் வாங்குகிறவன், வாயைத் திறக்கப் பயந்தவன், எண்பது வயதை நெருங்குகிற கிழவியிடம் அவள் சேர்த்து வைத்த ஒரே சொத்தைத் தூக்கிப்போடு என்றேன்.

எங்கள் சொல்லுக்கு இந்த நாட்டில் என்ன மதிப்பு என்பதும் யோசிக்கவேண்டிய விஷயம். 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்கள், குழந்தைகள், வயசாளிகள். கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டது, செங்கொடியை இறக்க மறுத்தது, அவ்வளவுதான் குற்றம். எனக்கு அப்போது ஆறு வயது. கிழக்கே வானம் சிவந்திருந்ததாக அம்மா சொல்வாள். எங்க ஆட்கள் கோர்ட்டில் ஏறி சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். 1970-இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. நிலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பக் கடினம் என்று தீர்ப்பில் இருந்தது. 44 பிணத்தைப் பார்த்தவன் சத்தியம் பண்ணிச் சொன்னது செல்லவில்லை. அதே தெருவில் ஒரு கிழவி கற்பூரத்தை அணைத்துவிட்டால் அது செல்லும் என்று கட்சிக்காரன் நம்பிக்கையோடு வண்டியை எடுக்கிறான். கோர்ட்டில் செல்லாத எங்கள் சத்தியம் தேர்தலுக்கு மட்டும் செல்லுபடியாகிறது.

ஓட்டு ரகசியமாயிற்றே, அப்புறம் சத்தியம் எதற்கு? ரகசியம் என்பதால்தான் சத்தியம். அவன் பார்க்க முடியாத இடத்தில் சாமியைக் காவல் வைக்கிறான்.

இந்த ரகசியம் சும்மா வந்ததல்ல. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் கட்சிகளே தங்கள் சீட்டை அச்சடித்து, ஒவ்வொரு கட்சிக்கு ஒவ்வொரு நிறத்தில் கொடுத்தன. கையில் எந்த நிறம் என்று முதலாளி தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். 1856-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய அரசாங்கச் சீட்டு முறை 1888-க்குப் பிறகுதான் அங்கே பரவியது. இங்கே முதல் பொதுத்தேர்தலில், 1951-52-இல், வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை மறைப்புக்குள் போய் எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் போடலாம். எங்க அப்பாயி பண்ணை வண்டியில் ஏறிப் போய் ஓட்டுப் போட்டாளாம். "எந்தப் பொட்டியில போட்டே?" என்று காரியக்காரர் கேட்டதற்கு, "பொட்டியிலதான் ஆண்டே போட்டேன்" என்றாளாம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரித்துச் சொல்கிற கதை இது. பண்ணைக்கு எதிராக அவள் மறைத்துவைத்த முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் ரகசியம் ஆளுக்குத்தான், தெருவுக்கு இல்லை. இதைப் பலபேர் கவனிப்பதில்லை. நம் ஊர்களில் சேரி தனி, குடியானத்தெரு தனி, அக்கிரகாரம் தனி. பல இடங்களில் சாவடியும் அப்படியே பிரிந்துவிடுகிறது. இயந்திரம் வந்தபிறகு சாவடிவாரியாக யாருக்கு எத்தனை என்று எண்ணி எழுதி வெளியிடுகிறார்கள். காகிதச் சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்துக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் பரிந்துரைத்தது. 2015-இல் சட்ட ஆணையமும் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. இதை யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. கேட்கவேண்டியவர்கள் நாம். ஏனென்றால் 'ஒங்க பூத்துல எங்களுக்கு எத்தனை விழுந்துச்சுன்னு பார்த்துட்டோம்' என்ற வார்த்தை வந்து விழுவது எங்கள் தெருவில்தான். 2016 தேர்தல் முடிந்தும் விழுந்தது. தெருவிளக்கு கேட்கப் போனவர்களிடம் அந்த எண்ணைச் சொன்னார்கள். ஆளாளுக்கு ரகசியம் இருந்தது. சாதி ஊரைப் பிரித்து வைத்திருப்பதால் தெருவே ஒரு ஆள் மாதிரி மாட்டிக்கொண்டது.

இன்னொரு கதவைப் பற்றியும் பேசவேண்டும். ஓட்டுப் போடுகிற கதவுக்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது. வேட்பாளர் யார் என்று முடிவுசெய்கிற கதவு.

நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. கீழ்வேளூர் தனித்தொகுதி. திருத்துறைப்பூண்டி தனித்தொகுதி. தமிழ்நாட்டில் 234 சட்டமன்ற இடங்களில் தலித்துகளுக்கு 44. எங்கள் பக்கத்தில் 44 என்றால் நினைவுக்கு வருவது வேறு. தனித்தொகுதியில் நிற்பவர் தலித். நிறுத்துகிறவர் யார்? கட்சித் தலைமை. ஜெயிக்க வைப்பவர் யார்? 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் தலித். அப்படிப்பட்ட இடத்திலும் மீதி இரண்டு பங்கு பிறர். அந்த இரண்டு பங்குக்குப் பிடிக்காத வார்த்தையைப் பேசுகிற தலித் தனித்தொகுதியிலும் தேறமாட்டார். இப்படி ஆகும் என்று அம்பேத்கருக்கு 1932-லேயே தெரியும். ஆகஸ்டில் தனி வாக்காளர் தொகுதி கிடைத்தது. செப்டம்பரில் காந்தியின் உண்ணாவிரதம். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்டவர்களில் நம்முடைய இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் உண்டு. 71 இடம் 148 ஆனது. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை பொதுவில் போய்விட்டது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். தலித் வாக்காளர்கள் மட்டும் முதலில் ஒரு முன்தேர்தல் நடத்தி நாலு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவரை எல்லோருமாகத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு ஆயுள் பத்து வருஷம் என்று எழுதினார்கள். முன்தேர்தலில் நம்மிடம் முதலாவதாக வந்தவர் இறுதியில் பிறர் ஓட்டால் தோற்க முடியும் என்ற குறை அதில் இருந்தது. அதனால்தான் 1947-இல் அம்பேத்கர் மறுபடி தனி வாக்காளர் தொகுதி கேட்டார். கிடைக்கவில்லை. அரசியல் சட்டம் வந்தபோது இடம் மட்டும் இருந்தது, ஜன்னலும் இல்லை.

அமெரிக்காவில் முன்தேர்தல் பெரிய கட்சிகளுக்கு வழக்கம். வேட்பாளரைத் தலைவர் அறிவிப்பதில்லை, கட்சியின் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கேயும் ஒரு காலத்தில் சேரிக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. 1870-இல் கறுப்பு மக்களுக்கு ஓட்டுரிமை என்று சட்டத்தில் எழுதினார்கள். பிறகு தெற்கு மாநிலங்களில் ஓட்டுவரி, எழுத்துப் பரீட்சை என்று ஒவ்வொன்றாகத் தடை போட்டார்கள். ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சி அங்கே ஜெயிக்காது. அந்தக் கட்சியின் முன்தேர்தலில் வெள்ளையருக்கு மட்டும் ஓட்டு. நிஜத் தேர்தல் முன்தேர்தலில் முடிந்துவிடும். மீதி வெறும் சடங்கு. டெக்சாஸ் வழக்கில் 1944-இல்தான் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

அலபாமாவில் லவுண்டஸ் என்று ஒரு மாவட்டம். பருத்திக் காடு. ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர்கூட இல்லை. அந்த வருஷம் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. பேர் பதிந்த குத்தகைக் குடும்பங்களைப் பண்ணையார்கள் காலி செய்தார்கள். அவர்கள் நெடுஞ்சாலை ஓரம் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். கிடந்தபடியே சொந்தமாக ஒரு கட்சி கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருப்பதால் அங்கேயும் நம் ஊர் மாதிரி கட்சிக்குச் சின்னம் வேண்டும் என்பது சட்டம். வெள்ளையர் கட்சிக்கு வெள்ளைச் சேவல். இவர்கள் கருஞ்சிறுத்தையை எடுத்தார்கள். 1966-இல் தோற்றார்கள். 1970-இல் அந்த மாவட்டத்தின் ஷெரீப் பதவியைப் பிடித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வெண்மணிப் பக்கம் நடப்பதுபோலவே இருந்தது. நெல்லுக்குப் பதில் பருத்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.

மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் என்ற பருத்திப் பண்ணைத் தொழிலாளிப் பெண், 1962-இல் வாக்காளராகப் பேர் பதியப் போனதற்காகப் பதினெட்டு வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து அன்றைக்கே வெளியேற்றப்பட்டார். 1964-இல் அவரும் கூட்டாளிகளும் கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் போய், எங்கள் மாநிலத்துக்கு உண்மையான பிரதிநிதிகள் நாங்கள்தான் என்றார்கள். கட்சித் தலைமை ரெண்டு இடம் தருகிறோம் என்றது. வேண்டாம் என்று திரும்பி வந்தார்கள்.

ரெண்டு சீட்டு. இந்த வார்த்தை நமக்குப் புதிதில்லை. ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு எல்லாம், அடுத்தவருக்கு ஒன்றுமில்லை என்ற முறையில் சிறிய கட்சி தனியாக நின்றால் ஓட்டு இருக்கும், இடம் இருக்காது. அதனால் ஊருக்கு ஊர் பெரிய கட்சி இரண்டுதான் நிலைக்கும். அமெரிக்காவில் அப்படி, இங்கே கழகங்களைச் சுற்றிய கூட்டணி. தேர்தலைப் புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள் 1999-இல் தேர்தலுக்கு வந்தார்கள். சேர்ந்தது கபிஸ்தலம் பெரிய பண்ணைக் குடும்பத்திலிருந்து வந்த மூப்பனாரின் கட்சியோடு. 2001-இல் திருமாவளவன் சட்டமன்றத்துக்குப் போனது உதயசூரியன் சின்னத்தில். 2024-இல் இரண்டு மக்களவை இடங்களையும் பானைச் சின்னத்திலேயே வென்றார்கள். சொந்தச் சின்னத்துக்கு இருபத்தைந்து வருஷம். ரெண்டு சீட்டை வாங்கியது சரியா, மறுத்தது சரியா? ஹேமருக்கு ஒரு பதில், நம் தலைவர்களுக்கு ஒரு பதில். வாங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வாங்கும்போது என்ன சத்தியம் கேட்டார்கள் என்பதுதான் கேள்வி. என் அம்மாவிடம் கேட்டதும் தலைவர்களிடம் கேட்டதும் ஒன்றாக இருந்துவிடக் கூடாது.

இனி நன்றியைப் பற்றி. இது பேசக் கஷ்டமான இடம். எங்க அப்பா சாகிறவரை சொன்ன வார்த்தை: "இந்தக் கொடிதான்டா நம்ம இடுப்புத் துண்டைத் தோளுக்கு ஏத்துச்சு." அது உண்மை. பி. சீனிவாசராவ் 1943-இல் தஞ்சைக்கு வந்து சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டினார். 'அடித்தால் திருப்பி அடி' என்று பண்ணையாளுக்குச் சொல்ல அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்தப் போராட்டத்தின் சூட்டினால்தான். அதற்காக அப்பா ஆயுள் முழுக்க ஒரே சின்னத்துக்குப் போட்டார். அதைக் காசுக்குப் போடுகிற ஓட்டோடு ஒன்றாக வைத்துப் பேச எனக்கு நா எழவில்லை.

இருந்தாலும் கேட்கவேண்டும். நன்றி ஓட்டாக மாறி, அந்த ஓட்டு கடனாக மாறி, அப்பன் கடன் மகன் தலைக்கு வருவதென்றால், அது பழைய பண்ணைக் கணக்கு இல்லையா? கூலியைப் பற்றிப் பேசிய கட்சி, குளத்தையும் கோயிலையும் சுடுகாட்டுப் பாதையையும் பற்றி அதே சத்தத்தில் பேசியதா என்று மகன் கேட்டால் அது நன்றிகெட்டதனமா? 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதைத் தொட்டுப் பேசினார். அயர்லாந்தின் ஓ'கானலை எடுத்துக்காட்டி, தன் மானத்தைக் கொடுத்து நன்றி காட்ட ஒரு மனிதன் கடமைப்பட்டவன் அல்ல என்றார். பெரிய மனிதர்களுக்கு நன்றி காட்டலாம், சுதந்திரத்தை அவர்கள் காலடியில் வைக்கக்கூடாது என்பது அதன் பொருள். ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் அசமத்துவம் என்ற முரண்பாட்டுக்குள் போகப்போகிறோம் என்று எச்சரித்ததும் அதே பேச்சில்தான். அம்மாவின் முந்தியில் இருந்த ஐநூறு ரூபாய் அந்த முரண்பாடுதான்.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மாற்றிப் போட்டால் பாவமா?

ஒரு வாக்குறுதி கட்டுப்படுத்த வேண்டும் என்றால், கொடுக்கிற பொருள் கொடுக்கிறவருடையதாக இருக்கவேண்டும். கேட்கிறவனுக்குக் கேட்கும் உரிமை இருக்கவேண்டும். ஓட்டு எனக்குரியதுதான். ஆனால் ஆடு மாடு மாதிரி எனக்குரியது இல்லை. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. என் ஓட்டு என்னோடு நிற்பதும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் அடுத்த ஊர் மடையையும் அது தொடுகிறது. எனக்கு அது சாட்சி சொல்வது போலத் தோன்றுகிறது. 'நாங்கள் இப்படி இருக்கிறோம், இவர் வந்தால் நல்லது என்று எனக்குப் படுகிறது' என்று ஒரு ஆள் தனியாக நின்று சொல்கிற சாட்சி. வெண்மணி வழக்கில் காசு வாங்கிக்கொண்டு மாற்றிச் சாட்சி சொல்வதாக ஒருவன் கற்பூரம் அணைத்திருந்தால், கோர்ட்டில் ஏறியபிறகு அவன் எந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவேண்டும்? பொய் சொல்வதாகச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றுவது இரண்டாவது தப்பு. அதை முறிப்பதுதான் அறம்.

ஆகவே அந்தச் சத்தியம் அம்மாவைக் கட்டாது. ஆனால் 'அதனால் ஒன்றுமில்லை, வாங்கு, மாற்றிப் போடு' என்று நான் சொன்னதும் தப்பு. கட்டாத சத்தியத்தைச் செய்வதிலும் வாய் தேய்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பொய்ச் சத்தியம் செய்யப் பழகிய தெரு, தன் சங்கத்தில், தன் பஞ்சாயத்தில், தனக்குள் கொடுக்கும் சொல்லையும் நம்பாமல் போகும். அதுதான் அவர்களுக்கு வேண்டும். சொல் செல்லாத தெருவில் சங்கம் கட்ட முடியாது. பாவம் இருக்கிறதென்றால் பெரும்பங்கு கற்பூரம் நீட்டியவனுக்கு. அடுத்த பங்கு திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு.

அதே 2016 மே மாதத்தில் பணப் பட்டுவாடா காரணமாகத் தஞ்சாவூர், அரவக்குறிச்சி இரண்டு தொகுதிகளின் தேர்தலை ஆணையம் நிறுத்தியது. நவம்பரில்தான் நடந்தது. தொகுதியை நிறுத்தலாம். நீட்டுகிற தட்டை யார் நிறுத்துவது?

2021 தேர்தலில் மறுபடி வந்தார்கள். நான் ஓய்வு பெற்று ஊரிலேயே இருந்தேன். தட்டு, வெற்றிலை, கற்பூரம். இந்தத் தடவை எழுந்து போய்ச் சொல்லிவிடுவது என்று நானும் எழுந்தேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்:

"காசு குடுக்குறதுன்னா குடுங்க, இல்லன்னா போங்க. சத்தியம் பண்ண மாட்டேன். எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணு. அத ஒங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்?"

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கொடுக்காமல் போனார்கள். பக்கத்து வீட்டுச் சின்னம்மா ஒருத்தி, "ஒன்னால எங்களுக்கும் கொறச்சிடப் போறான்" என்று திட்டினாள். அது நியாயமான பயம்தான். கூலி வேலை இல்லாத நாளில் அந்தப் பணம் நாலு நாள் சோறு. பேசுகிறவர்கள் இதையும் மறக்கக்கூடாது. ஆனால் அந்த வரிசையிலேயே இன்னும் இரண்டு வீட்டில் கற்பூரத்தை அணைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டதாக மறுநாள் தெரிந்தது.

2016-இல் அந்த ஓட்டை யாருக்குப் போட்டாள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். சொன்னதில்லை. "அது எனக்கும் அந்த மிசினுக்கும் உள்ளது. நீ ஆபீசரா வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்பாள். போன வருஷம் தை மாசம், சம்பா அறுப்பு நடக்கும்போது செத்துப்போனாள். அந்த ரகசியம் அவளோடு போய்விட்டது. அவள் வாய் யாருடையது என்று இப்போது எனக்குத் தெரியும்.